போர்வையைத் தூக்காத திங்கட்கிழமை

பிரிட்ஜ்டவுனில் உள்ள டயாலிசிஸ் கூடத்தில் வெர்லீன் கிட்டன்ஸ் பத்தொன்பது வருடமாக நர்ஸ். மாதத்தின் முதல் திங்களன்று சர்க்கரை நோயாளிகள் ஒவ்வொருவரின் சாக்ஸையும் கழற்றிப் பாதங்களைப் பார்ப்பது அவள் பொறுப்பு.

அந்தத் திங்களன்று இரண்டு நர்சுகள் வரவில்லை. மூன்றாம் நாற்காலியில் ஆர்வில் கம்பர்பேட்ச், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், காலுக்குப் போர்வை போர்த்திச் சாய்ந்திருந்தார்.

“கால் எப்படி இருக்கு, கேப்டன்?” என்று வெர்லீன் அவரைக் கேட்டாள்.

“காலா? திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போ. உன்னைவிட நல்லா ஆடும்!”

வெர்லீன் சிரித்தாள். போர்வையைத் தூக்கவில்லை. ‘இரு பாதமும் சுத்தம்’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனாள்.

மூன்று வாரம் கழித்து அவர் உள்ளே வந்தபோதே வாடை வந்தது. சாக்ஸ் குதிகாலோடு ஒட்டியிருந்தது. உரித்தால், அடியில் கருத்துப்போன புண். ஷூவுக்குள் ஒரு சரளைக்கல். எத்தனை நாள் குத்தியதோ, மரத்துப்போன பாதத்துக்குத் தெரியவில்லை. மருத்துவமனையில் இரண்டு முறை புண்ணைச் சுரண்டிப் பார்த்தார்கள். காய்ச்சல் ஏறியதும் காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

அவர் அதே நாற்காலிக்குத் திரும்பினார். கூட வந்த மனைவி ஐஸ்மேயின் வாய் ஓயவில்லை.

“ஷூவைத் தட்டிட்டுப் போடு மனுஷான்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். நர்ஸ் பார்த்தப்போ சுத்தமா இருந்த காலு! நீயா கெடுத்துக்கிட்டே.”

“என் தப்புதான், விடு,” என்றார் ஆர்வில். அவர் வாயில் வேடிக்கைப் பேச்சே வரவில்லை.

வெர்லீன் வாயைத் திறக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. நான்கு முறை அவர் வந்து போகும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் முறை ஐஸ்மே ஆரம்பித்ததும், வெர்லீனால் அதற்கு மேல் முடியவில்லை.

“அவரைத் திட்டாதீங்க. அன்னைக்கு நான் காலைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே எழுதிட்டேன்.”

ஐஸ்மே கணவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “ஒரு மாசமா தினம் இவரைக் கரிச்சுக் கொட்டியிருக்கேன். அதை யாரு திரும்ப அள்ளறது?”

அன்றே வெர்லீன் தலைமை நர்ஸிடம் போய்ச் சொன்னாள். அவளுக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. ஊசி குத்த வேறு நர்ஸ் வேண்டும் என்று ஆர்வில் கேட்டார். கொடுத்தார்கள்.

செப்டம்பரில், மிஞ்சிய காலின் கட்டைவிரலில் ஒரு கொப்புளம் உடைந்தது. புண்ணுக்குக் கட்டுப் போடுவதில் வெர்லீனுக்கு நிகராக அங்கே யாருமில்லை என்பதால் அவளையே அனுப்பினார்கள். ஆர்வில் மறுக்கவில்லை, பேசவும் இல்லை. வாரம் மூன்று நாள், இயந்திரத்தில் ரத்தம் சுற்றும் நேரத்தில், அவள் தரையில் மண்டியிட்டு உப்புநீரால் கழுவி, செத்த தோலை நறுக்கி, கட்டுப் போட்டு, சாக்ஸையும் மாட்டிவிட்டாள். அவரை நிமிர்ந்து பார்க்கும் தைரியம் வரவில்லை. டயாலிசிஸ் உடம்பில் புண் லேசில் ஆறாது. மூன்று மாதம் ஆயிற்று.

“மூடிடுச்சு,” என்றாள் ஒரு புதன்கிழமை.

“ம்.”

அவள் சாக்ஸை எடுத்தாள். அவர் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

“நானே போட்டுக்கறேன்.”