செங்காங்கில் பாடாத பாட்டு

வெள்ளிக்கிழமை

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டு சாங்கி விமான நிலையத்தில் இறங்கியபோது விடிந்திருந்தது. ஐந்து வயது யாழினி என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். கைப்பையில் அவளுடைய காய்ச்சல் மருந்து, மாற்றுத் துணி, வாந்தி வந்தால் பிடிக்கப் பிளாஸ்டிக் பைகள் எல்லாம் இருந்தன. எதுவும் தேவைப்படவில்லை. தேவைப்படாததால் என் பதற்றம் குறைந்ததா என்றால், அதுவும் இல்லை.

என் மாமனாரின் தங்கை மகள் கவிதா அக்கா செங்காங்கில் புது வீடு வாங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி. என் கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. எனவே குடும்பத்தின் சார்பில் நானும் மகளும் கிளம்பினோம். பட்டுப்புடவையோடும் குத்துவிளக்கோடும் சேர்த்து மாமியார் எனக்கு ஒரு வேலையையும் கொடுத்தனுப்பியிருந்தார். விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் யாழினி ஒரு முருகன் பாட்டுப் பாட வேண்டும். அதை நான் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும்.

சாதாரண வேலைதான். ஆனால் ஆறு மாதத்துக்கு முன் பள்ளி ஆண்டு விழாவில் இதே பாட்டைப் பாட மேடையேறிய யாழினி, மைக்கைப் பார்த்ததும் வாயைத் திறக்கவே இல்லை. அழவும் இல்லை. இறங்கி வந்தபின் இரண்டு நாள் வீட்டில்கூடப் பேசாமல் இருந்தாள். சாப்பாடு வேண்டும் என்றால் தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். மூன்றாம் நாள் அவளாகப் பேசிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. "பழகினா சரியாயிடும்" என்றார் மாமியார். அப்படியும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அப்படி இல்லாவிட்டால் என்ன செய்வது என்றும் தோன்றியது. இரண்டையும் சுமந்துகொண்டுதான் விமானம் ஏறினேன்.

சாங்கியிலிருந்து, அக்கா இப்போது குடியிருக்கும் தோ பாயோ சுமார் பதினெட்டு கிலோமீட்டர். டாக்சி ஓட்டியவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார். இரண்டு பக்கமும் மரங்கள் குடைபிடித்த நெடுஞ்சாலையில் வண்டி சீராகப் போனது. யாழினி கண் விழித்ததைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"பாப்பா பேரு என்ன? ஸ்கூல்ல என்ன பாட்டுச் சொல்லிக் குடுத்தாங்க? அங்கிளுக்கு ஒன்னு பாடு லா."

யாழினி என் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "புது இடம், அதான்" என்று வழக்கம்போல் அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாலமா. நான் சின்னப் பிள்ளையில, கெஸ்ட் வந்தாலே பாத்ரூம்ல போய் உக்காந்துக்குவேன். எங்கப்பா வெளிய நின்னு கதவைத் தட்டுவாரு, வாடா, வந்து பாடுடான்னு. அவங்க கிளம்பிப் போற வரைக்கும் வெளிய வரமாட்டேன்."

"அப்புறம் நீங்களே ஏன் கேக்குறீங்க?" வாய் தவறி வந்துவிட்டது.

அவருக்குக் கோபம் வரவில்லை. அடுத்த சிக்னல் வரும்வரை யோசித்துவிட்டு, "தெரியலமா. சின்னப் பிள்ளைகிட்ட வேற என்ன கேக்குறது?" என்றார். வீட்டு வாசலில் மீட்டர் இருபத்தாறு வெள்ளி காட்டியது; டாலரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். பெட்டிகளை அவரே லிஃப்ட்வரை தூக்கி வந்து வைத்தார்.

சனிக்கிழமை

கவிதா அக்கா குடும்பம் இன்னும் தோ பாயோவில் வாடகை வீட்டில்தான் இருக்கிறது. காலையில் பூவும் மாவிலையும் வாங்க லிட்டில் இந்தியாவுக்குக் கிளம்பினோம். அக்கா, அவருடைய பன்னிரண்டு வயது மகள் நிலா, யாழினி, நான். மெட்ரோ ரயிலின் சிவப்புத் தடத்தில் தோபி காட் வரை போய், ஊதாத் தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையமே லிட்டில் இந்தியா.

பஃப்பளோ சாலையில் பூக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. மல்லிகைச் சரங்களைப் பனிக்கட்டிப் பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பூவாசம். நாலு எட்டு நகர்ந்தால் தேக்கா சந்தையின் மீன்வாசம். திருச்சி காந்தி மார்க்கெட்டில் இருப்பதுபோலவே இருந்தது. ஆனால் காலடியில் சேறு இல்லை. யாரும் யார்மீதும் இடிக்கவில்லை. முருங்கைக்காயைப் பார்த்ததும் யாழினிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அம்மா, நம்ம ஊர்க் காய்!" என்று எனக்கே அறிமுகப்படுத்தினாள்.

சந்தையோடு ஒட்டிய உணவுக்கடைகளில் உட்கார்ந்தோம். டீ ஒன்று ஒரு வெள்ளி அறுபது காசு; தங்க நிறத்தில் நுரையோடு வந்தது. அக்காவும் நிலாவும் புரோட்டா வாங்க வரிசையில் நின்றார்கள். அந்த இடைவெளியில் நான் குனிந்து யாழினியின் காதருகில், "ஒரு தடவை மெதுவா சொல்லிப் பாக்கலாமா?" என்றேன்.

அவள் பூப்பையைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு கேட்டாள்: "பாடினா உடனே ஊருக்குப் போயிடலாமா?"

நான் டீயை ஆற்றினேன். ஏற்கெனவே ஆறித்தான் இருந்தது.

அங்கிருந்து ஊதாத் தடத்திலேயே செங்காங். இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். வண்டியில் அக்கா உற்சாகமாகச் சொன்னார்: "ஸ்பீக்கர் வாங்கியாச்சு, ரெண்டு மைக்கோட. மொதல்ல நிலா ஆடுவா. அடுத்து யாழினி பாட்டு. எதிர்வீட்டுச் சைனீஸ் ஃபேமிலிகிட்டயும் ப்ரோக்ராம் இருக்குன்னு சொல்லிட்டேன்."

அக்கா போனில் யாருடனோ பேசத் தொடங்கியதும் பக்கத்தில் இருந்த நிலாவிடம் மெல்லக் கேட்டேன். "உனக்கு ஆடப் பிடிக்குமா?"

ஒரு காதிலிருந்த இயர்ஃபோனைக் கழற்றினாள். "டான்ஸ் பிடிக்கும் ஆன்ட்டி. டான்ஸ் கிளாஸ் ரொம்பப் பிடிக்கும். ஹால்ல ஆடத்தான் பிடிக்காது."

"ஏன்?"

"சோஃபா இடிக்கும். அங்கிள்ஸ் எல்லாம் நான் ஆடும்போது பிஸ்கட் சாப்பிடுவாங்க." கொஞ்சம் பொறுத்து, "லாஸ்ட் இயர் உங்க வீட்ல ஆடினேன்ல? ஃபேன் சத்தத்துல பாட்டே கேக்கல. உங்க மாமியார் அழகா ஆடினேன்னு சொன்னாங்க. ஆனா அவங்க கண்ணு மூடியிருந்துச்சு."

சிரித்துவிட்டேன். அன்று நானும் அந்தக் கூடத்தில் இருந்தேன். கைதட்டினேன். உள்ளுக்குள், சாம்பார் அடிப்பிடிக்குமோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புது வீடு பதினான்காம் மாடியில். வாசலில் மாவிலை கட்டினோம். நிலா யாழினிக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். அவர்கள் அதிக நேரம் நின்றது ஒரு சின்ன அறையின் முன்னால். இங்கே புது அடுக்குமாடி வீடுகளில் தடித்த சுவரும் கனத்த இரும்புக் கதவுமாக ஒரு பாதுகாப்பு அறை வைத்துக் கட்டுகிறார்கள். போர் வந்தால் ஒளிந்துகொள்ள. பாம் ஷெல்டர் என்கிறார்கள். போர் வராததால் அரிசி மூட்டையும் பழைய பெட்டிகளும் வைத்துக்கொள்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை

அதிகாலையில் பால் பொங்கி வழிந்தது. எல்லோரும் கிழக்கே பொங்கியதா என்று எட்டிப் பார்த்தோம். பதினொரு மணிக்கெல்லாம் கூடம் நிறைந்துவிட்டது. அலுவலக நண்பர்கள், தோ பாயோ கோயிலில் பழக்கமானவர்கள், கையில் பலகாரத் தட்டோடு கீழ்மாடி மலாய் அம்மா, எதிர்வீட்டுச் சீனத் தம்பதி. அவர்களுடைய எட்டு வயது மகள் ஏன் வயலின் பெட்டியோடு வந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அக்காவின் கணவர் சேகர் அண்ணன் மைக்கைத் தட்டி, "ஹலோ, ஹலோ" என்றார். நான் செல்பேசியைத் தயாராக வைத்துக்கொண்டு திரும்பினேன். யாழினி இல்லை.

அறைகளில் பார்த்தேன். இல்லை. பதினான்காம் மாடி. முதலில் ஜன்னல்களிடம்தான் ஓடினேன். எல்லாம் பூட்டியிருந்தன. பூட்டைக் கையால் இழுத்துப் பார்த்த பிறகும் கீழே எட்டிப் பார்த்தேன். வாசலில் செருப்புகளுக்கு நடுவே அவளுடைய சிவப்புச் செருப்பில் ஒன்றுதான் இருந்தது. ஒற்றைச் செருப்போடு லிஃப்டில் ஏறியிருப்பாளோ? மூச்சிரைக்கத் திரும்பியபோது இன்னொன்று கண்ணில் பட்டது. பாதுகாப்பு அறையின் இரும்புக் கதவு மூடிவிடாதபடி இடுக்கில் செருகியிருந்தது.

கதவை இழுத்தேன். உள்ளே விளக்கு எரிந்தது. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில், நாட்டிய உடையில் முழு அலங்காரத்தோடு நிலா. அவள் மடியில் கால் நீட்டி யாழினி. நடுவில் ஒரு தட்டு முறுக்கு. யாழினி கடகடவென்று பேசிக்கொண்டிருந்தாள். எங்கள் தெரு நாய் போட்ட குட்டிகளைப் பற்றி. ஆறு மாதமாக வெளியாட்களிடம் ஒரு சொல்லுக்கு மேல் பேசாத பிள்ளை. என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

நிலா என் கையிலிருந்த செல்பேசியைப் பார்த்தாள். "ஆன்ட்டி, ப்ளீஸ். டோர் க்ளோஸ் பண்ணிடுங்க."

மாமியாருக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. இவ்வளவு செலவழித்து வந்து ஒரு பாட்டு இல்லாமல் திரும்புவதா? இப்போது விட்டால் இவள் எப்போது பழகுவாள்? யோசித்துக்கொண்டிருந்தபோதே என் கை கதவைத் தள்ளிவிட்டது. செருப்பு இடுக்கில் இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தேன்.

அடுப்படியில் அக்கா கேசரி கிளறிக்கொண்டிருந்தார். "அக்கா, யாழினி பாடலைன்னா வருத்தப்படுவீங்களா?"

கரண்டி நின்றது. "ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

"இல்லக்கா. பிடிக்கலை அவளுக்கு."

என்னையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப நிலாவையும் விட்டுடலாமா?" என்றார். "காலையில இருந்து மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டிருக்கா. எனக்கும் இதெல்லாம் பிடிக்காதுமா. யாராச்சும் பிள்ளைய ஆட விட்டா, எங்க பாக்குறதுன்னே தெரியாது."

"அப்புறம் ஏன்க்கா?"

"அத்தை போன் பண்ணி, யாழினி பாடுவான்னு ஆசையா சொன்னாங்க. நாங்க ஏற்பாடு பண்ணலைன்னா மரியாதையா இருக்குமா?"

"போன வருஷம் நிலா எங்க வீட்ல ஆடினதுனாலதான் அத்தை இவளைப் பாடச் சொன்னாங்க."

"அங்க நான் ஏன் ஆட வெச்சேன்? சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு நம்ம பழக்கம் ஒன்னும் தெரியலைன்னு நீங்க சொல்லிடுவீங்களோன்னு!"

இருவரும் கேசரியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அக்கா கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "சேகர், மைக்க ஆஃப் பண்ணுங்க. ப்ரோக்ராம் இல்ல!"

கூடத்தில் ஏமாற்றம் பரவும் என்று எதிர்பார்த்தேன். சேகர் அண்ணன் ஒயரைப் பிடுங்கிய வேகத்தைப் பார்க்க வேண்டும். எதிர்வீட்டுச் சிறுமி அம்மாவிடம் ஏதோ கேட்டாள், அம்மா தலையசைத்தார். அவ்வளவுதான், வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் ஓடி அதை வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தாள். நேராகக் கேசரியிடம் போனாள்.

சாயங்காலம் யாழினிக்கு வேடிக்கை காட்ட, ஓட்டுநர் இல்லாத குட்டி ரயிலில் செங்காங்கைச் சுற்றி வந்தோம். அடுக்குமாடிகளின் மூன்றாம் நான்காம் மாடி உயரத்தில் அது ஊர்ந்து போகிறது. அவள் முன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். இறங்கிய பிறகு, நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து மாமியாரை அழைத்தேன். வழியில் என்னென்னவோ பொய்கள் யோசித்து வைத்திருந்தேன். தொண்டை கட்டிவிட்டது, மைக் கெட்டுவிட்டது. ஒன்றையும் சொல்லவில்லை.

"பாடலை, அத்தை. நான்தான் வேண்டாம்னு விட்டுட்டேன். கவிதா அக்காவுக்கும் இது பிடிக்காதாம்."

மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"யாருக்குத்தான் பிடிக்குது?" என்றார். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப பாடச் சொன்னாங்க. உங்க மாமா வீட்டு ஆளுங்க பன்னண்டு பேரு. ரெண்டு வரிக்கு மேல வாயில வரலை. அவங்க பாட்டுக்குக் காப்பி குடிச்சிக்கிட்டிருந்தாங்க. நான் நிறுத்தினதுகூட ஒருத்தருக்கும் தெரியலை."

அடுத்த ரயில் வந்த சத்தத்தில் செல்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அதான், இவளாச்சும் இப்பவே பழகிக்கட்டும்னு பாத்தேன். நாலு பேரு முன்னாடி நாக்கு ஒட்டிக்கிட்டா எவ்வளவு அவமானம்னு எனக்குத்தான் தெரியும்." பிறகு, "சாப்பிட்டாளா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை

சாங்கியில் வழியனுப்ப வந்த நிலாவும் யாழினியும் கட்டிப்பிடித்துக்கொண்டு பிரிய மறுத்தார்கள். வெளிநாடு போனால் புதிய விருப்பங்களோடு திரும்புவார்கள் என்பார்கள். நான் தெரிந்துகொண்டது பலருக்கும் பிடிக்காத ஒன்றை. டாக்சிக்காரருக்கு, அக்காவுக்கு, சேகர் அண்ணனுக்கு, எதிர்வீட்டுச் சிறுமிக்கு, என் மாமியாருக்கு, எனக்கு. இத்தனை பேரும் அடுத்தவருக்குப் பிடிக்கும் என்று நம்பி, அடுத்தவர் மனம் நோகக்கூடாது என்று நினைத்து, ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்திக்கொண்டிருந்தோம். அந்த மரியாதையைப் பொய் என்று தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. மாமியார் சொன்னதும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் இவள் பேசியே ஆக வேண்டிய இடம் வரும். அன்று நாக்கு ஒட்டிக்கொண்டால், விட்டுவிட்ட நான்தானே காரணம்? விமானம் முழுக்க இதே யோசனை. யாழினி தூங்கினாள்.

திருச்சி விமான நிலையத்துக்கு, முழங்கால் வலியோடு மாமியாரே காரில் வந்திருந்தார். வழக்கமாகப் புதியவர் யாரைப் பார்த்தாலும் அவர் யாழினியிடம் சொல்லும் முதல் வார்த்தை 'பாடு'தான். கார் ஓட்டுநரும் புதியவர். நான் காத்திருந்தேன்.

"பிளேன்ல திங்க என்னடி குடுத்தாங்க?" என்றார்.

அவ்வளவுதான். விமானத்தில் கொடுத்த பன் ரொட்டியிலிருந்து ஆரம்பித்துக் குட்டி ரயில், முருங்கைக்காய், நிலா அக்காவின் சலங்கை, பால் பொங்கியது என்று யாழினி மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். புதிய ஓட்டுநர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அப்போதும் அவள் நிறுத்தவில்லை. வீட்டுத் தெரு திரும்பும்போது இரும்புக் கதவு வைத்த அறைக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

"நம்ம வீட்டுல பாம் ஷெல்டர் எங்க இருக்கு, பாட்டி?"

மாமியார் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் ரூம் இருக்குல்ல," என்றார். "உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கு. யாராச்சும் பாடச் சொன்னா அங்க வந்துடு. முறுக்கு டப்பாவும் அங்கதான் இருக்கு."