கைகாட்டியை இறக்கிவிட்டுக் கேட்ட லைன் கிளியர்

1. ஆடிக் கிருத்திகை ஸ்பெஷல்

நான் திருத்தணியில் உதவி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த காலத்தில், ஆடிக் கிருத்திகை வந்தால் எங்களுக்கு லீவு கிடையாது, நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது, உட்கார நாற்காலியும் கிடையாது. நாற்காலியில் யாராவது காவடியைச் சாய்த்து வைத்திருப்பார்கள்.

அப்படி ஒரு மதியம். ரேணிகுண்டா போகும் ஸ்பெஷல் பிளாட்பாரத்தில் நின்றது. மொட்டைத் தலைகளும் மஞ்சள் துணிகளுமாகப் பெட்டிகள் பிதுங்கின. எஞ்சின் தயார், கார்டு தயார். நான் மட்டும் ஸ்டார்ட்டர் சிக்னலை, அதாவது வண்டியைக் கிளம்பச் சொல்லும் கைகாட்டியை, இறக்கவில்லை.

இதை ரயில்வே தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு வண்டியை அனுப்புவதற்கு முன் அடுத்த ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்க வேண்டும். முன்னால் போன வண்டி முழுதாக வந்து சேர்ந்த பிறகே அவர் சம்மதம் தருவார். அந்தச் சம்மதத்துக்குப் பெயர் லைன் கிளியர். அது கிடைத்த பிறகுதான் நம் கைகாட்டி கீழே இறங்கும். கேட்பது முதலில், இறக்குவது பிறகு. இந்த வரிசை மாறக்கூடாது. எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் பொன்பாடி. அந்த மாஸ்டருக்குப் போன் போட்டால், "கூட்ஸு ஏத்தத்துல நின்னுட்டுது மாஸ்டர். வந்து சேரட்டும், தர்றேன்" என்றார்.

ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து ஒருவர் கேட்டார்: "இன்னா மாஸ்டரு, புள்ளைங்க வெயில்ல வேவுது. அந்தக் கைய எறக்கறதுக்கு இன்னா நோவுது உனக்கு?"

பின்னாலிருந்து இன்னொரு குரல்: "மாஸ்டரு தூங்கிகினு கீறாருபா. எயுப்பி வுடு."

சஃபாரி உடுப்பில் ஒருவர் அறைக்குள்ளேயே வந்துவிட்டார். "நான் யார்னு தெரியுமா? உங்க மேலதிகாரிகிட்ட பேசட்டுமா?"

"தாராளமா பேசுங்க சார். அவரு சொன்னாலும் பொன்பாடி சொல்லணும்."

அவரை வெளியே அழைத்துப் போனது பாயிண்ட்ஸ்மேன் முனிரத்தினம். பாதையை மாற்றிப் போடும் வேலை அவருடையது. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "சார் மேல கோச்சிக்காதீங்கப்பா. மலைமேல கீற முருகனே எறங்கி வந்து இந்த வண்டில ஏறினாலும், பொன்பாடி சொன்னாத்தான் வண்டி போவும்."

கூட்டம் சிரித்துவிட்டது. பிறகு கிளியர் வந்தது, கைகாட்டி இறங்கியது, வண்டி போனது. முனிரத்தினம் இரண்டு டம்ளரில் மோர் வாங்கி வந்து ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

"அவ்ளோ பேரு கத்தினாங்களே சார், உங்களுக்கு ஒண்ணும் ஆவலியா?"

"முன்னால என்ன நிக்குதுன்னு எனக்குத் தெரியாதப்பா. தெரியாத பாதைக்கு நான் எப்படிக் கை காட்டுவேன்?"

இந்தப் பதில் எனக்கே மிகவும் பிடித்துப்போயிற்று. அடுத்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தபோது இதையே சொன்னேன். கிறிஸ்தவ வாழ்க்கையும் இப்படித்தான், ஆண்டவரிடம் கேட்காமல் ஓர் அடி எடுத்து வைக்கக்கூடாது என்று முடித்தேன். சபையார் ஆமென் சொன்னார்கள். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். ஏன் என்று அப்போது கேட்கவில்லை.

2. மாற்றிக்கொண்ட வாக்குத்தத்தம்

அந்த டிசம்பரில் பெரம்பூருக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் கொடுத்தேன். எஸ்தரிடம் சொல்லவில்லை. பதவி உயர்வு, பிள்ளைகளின் படிப்பு என்று காரணங்கள் இருந்தன. அவை பொய்யல்ல. ஆனால் உண்மையான காரணம் வேறு. என்னோடு பயிற்சி முடித்தவர்கள் எல்லாரும் சென்னையில் இருந்தார்கள். நான் மட்டும் மொட்டைத் தலைகளுக்கு டிக்கெட் கவுண்டருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன். அது எனக்கு உறுத்தியது.

எஸ்தர் அந்தச் சமயத்தில் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் தையல் வகுப்பு தொடங்கியிருந்தாள். தண்டவாள வேலை பார்க்கும் கேங்மேன்களின் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். கனகம்மாசத்திரத்திலிருந்துகூடச் சிலர் பஸ் ஏறி வந்தார்கள். நான் டூட்டி முடிந்து வரும்போது வராந்தாவில் கால் வைக்க இடமிருக்காது. தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே அவர்கள் மாமியார்களைப் பற்றிப் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்கும்.

விண்ணப்பம் கொடுத்த பிறகுதான் குடும்ப ஜெபத்தில் அதைச் சொன்னேன். "ஆண்டவரே, பெரம்பூர் காரியத்தில் உமது சித்தம் ஆகட்டும்" என்று முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தால், எஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க பெரம்பூர் காரியம்?"

சொன்னேன்.

"அப்ளிகேஷன் எப்போ குடுத்தீங்க?"

"போன வாரம்."

"குடுத்துட்டு வந்து சித்தம் கேக்குறீங்க. ஸ்டேஷன்ல இப்படித்தான் வண்டி வுடுவீங்களா?"

எங்கள் வீடு ஸ்டேஷனை ஒட்டியது. லைன் கிளியர் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு எல்லாம் தெரியும். எனக்குக் கோபம் வந்தது. வீட்டு விஷயத்தில் ஸ்டேஷனை இழுக்காதே என்றேன். சபையில் ஸ்டேஷனை இழுத்தவன் நான்தான்.

மறுநாள் போதகரிடம் போனேன். நிதானமான மனிதர்.

"என்னன்னு ஜெபிக்கணும் மாஸ்டர்?"

"பெரம்பூர் கிடைக்கணும்னு ஜெபிங்க ஐயா."

"ஆண்டவர் வேற ஒண்ணு சொன்னாருன்னா?"

"சொல்லமாட்டாரு ஐயா. நான் எல்லாத்தையும் விசாரிச்சிட்டேன்."

"அப்போ அவருக்கு வேலையே வைக்கலியே நீங்க" என்று சொல்லிவிட்டு, ஜெபித்தார்.

புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஒன்றை ஒவ்வொருவரும் எடுப்பார்கள். அதில் உள்ள வசனம் அந்த ஆண்டுக்கு ஆண்டவர் தரும் வார்த்தை என்று வைத்துக்கொள்வோம். என் அட்டையைத் திருப்பினேன். அமர்ந்திருக்கும்படி சொல்லும் வசனம். எஸ்தரின் அட்டையை எட்டிப் பார்த்தேன். நடக்கவேண்டிய வழியைக் காட்டுவதாகச் சொல்லும் வசனம்.

"இது எனக்கு வரவேண்டியது. தட்டுல பக்கத்துல பக்கத்துல இருந்திருக்கும், மாறிப்போச்சு" என்றேன். அவள் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டு என்னுடையதைக் கொடுத்தேன்.

அவள் சண்டை போடவில்லை. "வச்சிக்கோங்க. ஆனா உங்களுது இன்னான்னு நான் படிச்சிட்டேன்" என்றாள்.

ஆண்டவரின் வார்த்தையை மனைவியிடம் மாற்றிக்கொண்ட ஆள் எங்கள் சபையில் என்னைத் தவிர வேறு யாராவது உண்டா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் அவர்களும் சொல்லியிருக்கமாட்டார்கள். அன்று மாலை அந்த அட்டைக்குக் கண்ணாடிச் சட்டம் போட ஆர்டர் கொடுத்தேன்.

3. பெரம்பூர்

மாற்றல் கிடைத்தது. கிடைத்ததையே ஆண்டவரின் பதில் என்று எல்லாரிடமும் சொன்னேன். தையல் மிஷின்களை எஸ்தர் வகுப்புப் பெண்களுக்கே கொடுத்துவிட்டாள். கிளம்பும் அன்று அவர்கள் பிளாட்பாரத்தில் நின்றார்கள். முனிரத்தினம் என் டிரங்குப் பெட்டியை ஏற்றிவிட்டு, "பட்டணம் போறீங்க சார். எங்கள மறந்துடுவீங்க. அம்மா மறக்கமாட்டாங்க" என்றார்.

பெரம்பூரில் எனக்குப் பிடித்த வேலை, பிடித்த மனிதர்கள். பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள். எதுவும் கெட்டுப்போகவில்லை. அதனால்தான் என் தவற்றைக் காண எனக்கு இத்தனை வருடம் பிடித்தது. வண்டி கவிழ்ந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

எஸ்தர் அங்கே தையல் வகுப்பு நடத்தவில்லை. வராந்தா இல்லை, ஆட்களும் இல்லை. சமைத்தாள், ஆராதனைக்கு வந்தாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மணவூர் அவள் பிறந்த ஊர். திருத்தணி பக்கம் போகும் வண்டியில் அங்கே போய்வரும் நாட்களில் மட்டும் பழையபடி பேசுவாள். நான் கொடுத்த அட்டையைச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தாள். நான் பார்க்கும்படிதான் ஒட்டியிருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு நோய் வந்தது. பெரம்பூர் போனதால் நோய் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அது எங்கே இருந்தாலும் வந்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் ஒரு மாலை அவளிடம் கேட்டேன்.

"உனக்கு இங்க வரவே இஷ்டமில்லதானே?"

"என் இஷ்டத்த வுடுங்க. ஆண்டவர் போகச் சொல்லியிருந்தா நான் சந்தோஷமா வந்திருப்பேன். நீங்க கேக்கவேயில்லியே."

"உன்கிட்டயா?"

"என்கிட்டயும்."

அந்த மழைக்காலத்தில் போய்விட்டாள்.

4. இப்போது

பணி ஓய்வுக்குப் பின் திருத்தணியிலேயே, ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருக்கிறேன். பழைய கைகாட்டிகள் இல்லை, எல்லாம் விளக்குகள். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டு அருகே சட்டைக் காலர் மாற்றக் கொடுத்த கடையில், தைத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க நம்ம எஸ்தரம்மா ஊட்டுக்காரரு இல்ல? மாஸ்டரு?"

"ஆங்."

"இந்தத் தொழிலு அவங்க போட்ட பிச்ச சார். திடுதிப்புனு கூட்டிகினு போயிட்டீங்களே. பட்டனுக்குக் காஜா போடக் கத்துக்கினு இருந்தோம், அதுக்குள்ள போயிட்டீங்க. அப்பால நான் சோளிங்கரு போயில்ல காஜா கத்துக்கினேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கூலி வாங்க மறுத்துவிட்டார். நான் வீட்டுக்கு நடந்துவந்த வழி எனக்கு நினைவில்லை.

சென்ற வாரம் பெங்களூரிலிருந்து மகன் போன் செய்தான். "நைனா, இந்த வயசுல தனியா எதுக்கு? துணிய எடுத்து வையுங்க. ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துகினு வரேன்."

எனக்குப் போக விருப்பமில்லை. எஸ்தர் இருந்த ஊரில் இருந்துவிட வேண்டும் என்று ஆசை. முடிவு அப்போதே மனதில் வந்துவிட்டது. ஜெபத்துக்குச் சொல்வோம் என்று இப்போதுள்ள போதகரிடம் போனேன். சின்ன வயதுக்காரர். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

"என்னன்னு ஜெபிக்கணும் ஐயா?"

இங்கேயே இருக்கவேண்டுமென்று ஜெபியுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பெரம்பூர் கிடைக்கவேண்டும் என்று சொன்ன அதே வாய். மூடிக்கொண்டேன்.

"தெரியல ஐயா. அதத்தான் கேக்கணும்" என்றேன். என் வாழ்நாளில் முதல்முறையாக.

இளைய சகோதரர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். திட்டம் போடுவது குற்றமல்ல. வண்டி தயாராக நிற்கலாம். ஆனால் கையை இறக்கிவிட்டுக் கேட்பது கேட்பதே அல்ல, அறிவிப்பது. ஆண்டவரை நான் பாதி வாழ்நாள் அறிவிப்பு கேட்கிறவராகவே வைத்திருந்தேன். எஸ்தர் சமையலறையில் ஒட்டியிருந்த அட்டை இப்போது என் கட்டிலுக்கு எதிரே சுவரில் இருக்கிறது. அது முதலிலிருந்தே என்னுடையது.

நேற்று மகன் மறுபடி பேசினான்.

"இன்னா நைனா, துணி எடுத்து வச்சீங்களா?"

"இல்லடா."

"அப்ப வரலியா?"

"அப்படியும் சொல்லல."

"அப்ப இன்னாதான் சொல்றீங்க?"

"கேட்டிருக்கேன்டா. கிளியர் இன்னும் வரல."

ஸ்டேஷன் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளை.

"சரி நைனா," என்றான். "வந்ததும் சொல்லுங்க."