ஐந்தாவது பூச்சு

நான் ஆராய்ச்சி செய்தது ஒரு பூச்சைப் பற்றி. லேத்தில் இரும்பைச் சீவும் வெட்டுமுனையின் மேல், தலைமுடியைவிட மெல்லிசாக, டைட்டானியமும் அலுமினியமும் கலந்த நைட்ரைடைப் பூசுவார்கள். அலுமினியம் கூடக்கூட முனை தேய்வது குறைந்தது. சூட்டில் அது தன்மேல் ஒரு தோலைப் போர்த்திக்கொள்ளும். அந்தத் தோல்தான் காப்பு. நான்கு கலவைகளைத் தேய்த்துப் பார்த்தேன். நான்கும் என் பேச்சைக் கேட்டன. ஐந்தாவதில் அலுமினியம் இன்னும் அதிகம். அதைச் சோதிக்கும் முன்பே எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

என் தம்பி சின்னசேலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். பத்தாவதோடு நின்றவன். அம்மா கரும்பு வெட்டப் போக, அவன் பட்டறைக்குப் போக, நான் படித்தேன். பொங்கலுக்கு மலையடிவாரத்து வீட்டுக்கு வந்தபோது, ஐந்தாவது பூச்சு போட்ட முனைகள் இரண்டை அவனிடம் கொடுத்தேன். கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன.

"எப்போக்கா மாத்தணும்?" என்றான்.

அவன் காதை வைத்து வேலை செய்கிறவன். முனை மழுங்கினால் சத்தம் மாறும். மாறியதும் மிஷினை நிறுத்திவிடுவான்.

"சத்தத்த எல்லாம் பாக்காதடா. இது சீக்கிரத்துல தேயாது, ஓட்டு" என்றேன். கண்ணுக்குக் கண்ணாடி போடு என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியது அது ஒன்றுதான்.

பொங்கல் முடிந்து பட்டறை திறந்த மூன்றாம் நாள் டிராக்டருக்கு ஒரு ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தபோது முனை உடைந்து அவன் இடது கண்ணில் பாய்ந்தது. கள்ளக்குறிச்சியில் பார்த்துவிட்டுச் சேலத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கண்ணை எடுத்துவிட்டார்கள்.

"கீச்சு கீச்சுன்னு கத்திக்கினேதான் இருந்திச்சிக்கா" என்றான், கட்டோடு. "நீ சொன்னியேன்னு வுட்டுட்டேன்."

கல்லூரிக்குத் திரும்பி ஐந்தாவதைச் சோதித்தேன். மற்றவை தேய ஆரம்பிக்கும் முன்பே அது உரிந்து போனது. அலுமினியம் ஓர் அளவைத் தாண்டினால் உள்ளே படிக அமைப்பே மாறி, பூச்சு கெட்டித்தன்மையை இழந்துவிடுகிறது. சோற்றுக்கு உப்புப் போடத் தெரிந்த எவருக்கும் தெரிந்த விஷயம். படித்த எனக்குத்தான் தெரியவில்லை.

வாய்மொழித் தேர்வில் அந்த வரைபடத்தைத்தான் மெச்சினார்கள். ஏறிக்கொண்டே போகும் முனையின் ஆயுள், ஐந்தாவது புள்ளியில் சடாரென்று விழுகிறது. "இந்த ஒரு புள்ளிதாம்மா உன் ஆராய்ச்சிக்கே மதிப்பு" என்றார் தேர்வு நடத்த வந்த பேராசிரியர். எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தம்பியும் தட்டினான். அந்தப் புள்ளியை எனக்கு முன்னால் சோதித்துப் பார்த்தவன் அவன்தான் என்று நான் அங்கே யாரிடமும் சொல்லவில்லை.