அடுப்புத் திட்டு

ரொட்டிக்கடையில் மாஸ்டருக்கென்று ஒரு சிம்மாசனம் உண்டு. பெரிய அடுப்பின் பக்கச் சுவரோடு ஒட்டிய செங்கல் திட்டு. ஒரு நடை ரொட்டியை உள்ளே தள்ளியதும் அதில் ஏறி உட்கார்ந்து சிகரெட் பற்றவைப்பார். "இடுப்பு வலிக்கு இதமா இருக்கு" என்பார். ஒன்பது வருஷமாக அந்த இதம். வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது.

அதே கடையில் ரொட்டியைத் துண்டு போட்டு உறையில் அடுக்குகிறவள் அவர் மனைவி. கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. ஊசி அவளுக்கு, ஸ்கேன் அவளுக்கு, பேச்சும் அவளுக்கு. அவளிடம் குறையே இல்லை என்று டாக்டரம்மா மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. மாமியார் காதில் ஏறவில்லை. மகனுக்கு வேறு பெண் தேடக் கிளம்பிவிட்டார்.

மாஸ்டருக்கு எழுதிக் கொடுத்த பரிசோதனைச் சீட்டு மட்டும் ஆறு மாதமாக ஈஸ்ட் டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்து கிடந்தது. அதைக் கண்டெடுத்த அன்று அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சீட்டை அவர் சட்டைப்பையில் செருகினாள்.

"நாளைக்கு நீங்க போகலைன்னா, நாளன்னைக்கு நான் உங்க வீட்ல இல்ல."

போனார்.

"விந்தணு ரொம்பக் கம்மியா இருக்கு" என்றார் டாக்டரம்மா. "என்ன வேலை பாக்குறீங்க?" "ரொட்டி போடுறேன்" என்றார் மாஸ்டர். கூடப் போயிருந்த அவள் அடுப்புத் திட்டையும் சொன்னாள், சிகரெட்டையும் சொன்னாள்.

"அந்தச் சூடும் ஆகாது, புகையும் ஆகாது. ரெண்டையும் விடுங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்."

மறுநாள் மாஸ்டர் பழக்கதோஷத்தில் திட்டுப் பக்கம் போனார். அங்கே எட்டுத் தட்டு மாவு, ஈரத்துணி போர்த்தி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"மாவு உப்புறதுக்குத்தான் அந்தச் சூடு. உங்களுக்கு வாசல்ல ஸ்டூல் போட்டிருக்கேன்" என்றாள்.

கடையே சிரித்தது. முறைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலமே மாமியார் ஒரு பெண்ணின் போட்டோவோடு வந்து இறங்கினார். மாஸ்டர் தரையைப் பார்த்தார். அவள் விடவில்லை.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"குறை என்கிட்டதான்மா" என்றார்.

"ஆம்பளைக்கு என்னடா குறை?"

அவள் போட்டோவை எடுத்து ஒரு நிமிஷம் பார்த்தாள். சின்னப் பெண். அதை மாமியார் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"எங்களுக்குக் குழந்தை பொறக்கலாம் அத்தை, பொறக்காமலும் போகலாம். அதுக்காக இவளையும் கூட்டிட்டு வந்து ஏழு வருஷம் ஊசி போடணுமா?"

மாமியார் போட்டோவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.