கட்டையை எடுத்தவள்

அவன் போனது ஒரு வியாழக்கிழமை. காலையில் வீட்டை விட்டுப் போனான். மத்தியானம் நாட்டை விட்டே போனான். முதலாவதற்கு அவள் வாசல்வரை வந்து வழியனுப்பினாள். இரண்டாவதற்கும் வழியனுப்பியது அவள்தான். அப்படி ஒன்று நடக்கப்போகிறது என்று காலையில் அவளுக்குத் தெரியாது.

விமான நிலையத்தில் அவளைக் கட்டையக்கா என்பார்கள். ஆள் குட்டைதான், ஆனால் பெயர் அதனால் வந்ததல்ல. வந்து நிற்கும் விமானத்தின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பது அவள் வேலை. கட்டை என்றால் மரமில்லை, மஞ்சள் ரப்பர். தூக்கினால் ஒரு கைக்குழந்தையின் கனம் இருக்கும். அதை எடுத்தால்தான் விமானம் கிளம்பும். எடுத்த பிறகு ஓரமாகத் தள்ளி நின்று, விமானி பார்க்கும்படி கட்டைகளைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். தரையில் எல்லாம் சரி, நீ போகலாம் என்று அதற்கு அர்த்தம். சந்தேகம் இருந்தால் எடுக்க வேண்டியதில்லை. அந்த ஒரு அதிகாரம் அவளுக்கு உண்டு. ஒருமுறை சக்கரத்தடியில் எண்ணெய் சொட்டுவதைப் பார்த்து, எடுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டாள். பெரிய பெரிய ஆட்களெல்லாம் ஓடி வந்தார்கள். விமானம் அன்று கிளம்பவில்லை.

வீட்டில் கதை வேறு. அவள் புருஷனுக்குக் கால் தரையில் பாவாது. கோழிப்பண்ணை, ஜெராக்ஸ் கடை, மீன்தொட்டி வியாபாரம் என்று வருஷத்துக்கு ஓர் ஆகாயக் கோட்டை கட்டுவான். அது இடிந்து விழும்போது தூசி தட்டிவிடுவது அவள் பங்கு. கெட்டவன் இல்லை. சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். மகளுக்குத் தலை பின்னி விடுவான்.

“உன்ன மாதிரி ஒரே எடத்துல நிக்க என்னால முடியாதுடி,” என்பான்.

“நிக்க வேணாம், உக்காருங்க. சாப்பாடு போடுறேன்,” என்பாள்.

அந்த வியாழக்கிழமை, அக்கா வீட்டுக் கூரை ஒழுகுது, ரெண்டு நாள் இருந்து பாத்துக் குடுத்துட்டு வர்றேன் என்றான். கையில் பெரிய பழுப்புப் பெட்டி.

“கூரையச் சரி பண்ணப் போறீங்களா, பேத்துப் பெட்டில வச்சு எடுத்துட்டு வரப் போறீங்களா?”

அவன் சிரிக்கவில்லை. அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். “அக்காவுக்குப் பழைய துணி கொஞ்சம் இருக்கு,” என்றான். மகளின் தலையைத் தடவினான். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று இறங்கிவிட்டான்.

அந்தப் பெட்டியின் கைப்பிடி ஒரு காலத்தில் அறுந்து தொங்கியது. அவள்தான் கிழிந்துபோன தன் வேலைச்சட்டையிலிருந்து, வெளிச்சம் பட்டால் மின்னும் வெள்ளிப் பட்டையை வெட்டிச் சுற்றித் தைத்திருந்தாள். உலகத்தில் வேறெந்தப் பெட்டிக்கும் அப்படியொரு கைப்பிடி இருக்க வாய்ப்பில்லை.

மத்தியானம், கடல் தாண்டிப் போகும் விமானம் நின்றிருந்தது. கடைசிப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றின் கைப்பிடி வெயிலில் மின்னியது.

எவனோ பஸ்ஸில் திருடிவிட்டான் என்றுதான் முதலில் தோன்றியது. பாவம், மாற்றுத்துணி இல்லாமல் அக்கா வீட்டில் என்ன செய்வார் என்றுகூட நினைத்தாள். பெட்டி ஏற்றும் மீசைக்காரரை நிறுத்தச் சொல்லிவிட்டு, கைப்பிடியில் தொங்கிய சீட்டைத் திருப்பினாள். அவன் பெயர். முழுசாக அவன் பெயர்.

“என்னக்கா, பெட்டி கிழிஞ்சிருக்கா?”

“இல்ல. கைப்பிடி நல்லாத்தான் இருக்கு. ஏத்துங்க.”

ஏத்துங்க என்று ஏன் சொன்னாள் என்பது அவளுக்கே விளங்கவில்லை. நாக்கு தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தது. பெட்டி உள்ளே போனது, கதவு மூடியது. அப்படியானால், மேலே வரிசையாகத் தெரிந்த சின்ன ஜன்னல்களில் ஏதோ ஒன்றுக்குப் பின்னால் அவன். கீழேயிருந்து பார்த்தால் எல்லா ஜன்னலும் கறுப்பு.

காதுக்கவசத்தை மாட்டினாள். உலகம் வாயை மூடிக்கொண்டது. அவளுடைய மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. விமானியோடு ஒயர் வைத்துப் பேசுகிறவரை எல்லோரும் ஒயர் அண்ணன் என்பார்கள். அவர் சைகை காட்டினார்: கட்டையை எடு. அவள் குந்தி, கட்டையின் கயிற்றைப் பிடித்தாள். இழுக்கவில்லை.

இழுக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். படிக்கட்டு திரும்ப வரும். பெட்டியை இறக்குவார்கள், பெட்டிக்காரனையும் இறக்குவார்கள். அவன் ஒவ்வொரு படியாக இறங்கி வருவான். கீழே அவள் நிற்பாள். சந்தேகம் என்ற ஒரு சொல் போதும்.

ஒயர் அண்ணன் கிட்டே வந்து குனிந்தார். அவள் காதுக்கவசத்தை ஒரு பக்கம் தூக்கினாள்.

“என்னம்மா கட்டை, பிளேன் மேல சந்தேகமா?”

அவள் டயரைப் பார்த்தாள். எண்ணெய் இல்லை, கீறல் இல்லை.

“பிளேன் மேல இல்லண்ணே.”

“அப்புறம் என்ன? எடும்மா. உள்ள அத்தன பேரும் வெந்துக்கிட்டிருக்காங்க.”

எடுத்தாள். தள்ளி நின்று, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். விமானம் பின்னால் போய்த் திரும்பி, சின்னதாகி, இல்லாமல் போனது. சிமெண்டுத் தரையின் கொதிப்பு பூட்ஸைத் தாண்டி உள்ளங்காலில் ஏறியபோதுதான், தான் இன்னும் நின்றுகொண்டிருப்பதே அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த விமானம் வந்தது. கட்டை வைத்தாள்.

சாயங்காலம் மகள், “அப்பா போய்ச் சேந்துட்டாராம்மா?” என்று கேட்டாள்.

“இன்னும் இல்ல,” என்றாள். யோசித்தால் அது உண்மையும்கூட.

மறுநாள் நாத்தனாருக்குப் போன் போட்டாள். “அவன் எதுக்கு இங்க வர்றான்? எங்க கூரைக்கு என்ன கேடு?” என்றாள் நாத்தனார்.

நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அவள் பெட்டியைப் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை, மகளிடம்கூட. சொன்னால் அடுத்த கேள்வி வரும்: பிறகு ஏன் தடுக்கவில்லை? படுத்தால், கயிற்றைப் பிடித்த கை மட்டும் தூங்காமல் கிடக்கும்.

மகள் வளர்ந்து, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வருஷத்துக்கு ஒருதரம் ஊழியர்களுக்கு விமானத்தில் இலவசப் பயணம் உண்டு. கட்டையக்கா ஒருமுறைகூட ஏறவில்லை.

“ஏர்போர்ட்ல வேலை பாத்துக்கிட்டு பஸ்ல ஊருக்குப் போற ஒரே ஆளு நீதாம்மா.”

“பஸ்ஸுல எறங்கணும்னா நிறுத்துவான்டி.”

பெட்டிகள் ஏறும்போது முதுகைக் காட்டி நிற்பது மட்டும் அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. ஒயர் அண்ணன் ஓய்வு பெற்றுப் போனார். மகளுக்குக் கல்யாணமாகி, பேரன் பிறந்து, அவன் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தான். அப்போதுதான் ஒருநாள், சாப்பாட்டு அறையில் டப்பாவைத் திறக்கும்போது போன் அதிர்ந்தது. தெரியாத நீளமான நம்பரிலிருந்து ஒரு மெசேஜ். நலமா என்றில்லை, யார் என்றில்லை.

“அன்னைக்கு எனக்கு ஜன்னல் சீட்டு. நீ கட்டையத் தூக்கிக் காட்டினதப் பாத்தேன். நான் உள்ள இருக்கறது உனக்குத் தெரியாதுன்னு நெனச்சுத்தான் இத்தன வருஷம் ஓட்டினேன். நேத்து ரூம்ல லைட்டப் போட்டதும் பெட்டியோட கைப்பிடி மின்னுச்சு. அன்னைக்கும் மின்னியிருக்கும்ல. தெரிஞ்சுதான் போகச் சொன்னியா?”