சுண்ணாம்பு பூசிய முளைகள்

முளைக்கட்டை அடிக்கிறவன் குனிந்தால் மண் தெரியும், நிமிர்ந்தால் யாரோ ஒருவருடைய அடுப்பங்கரை தெரியும். நில அளவு வேலை பார்த்தவர்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள். ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில் செமிலிங் பக்கம் ஓர் ஏரிக்கரையில் நானும் அந்தப் பெருமூச்சோடுதான் திரிந்தேன்.

மூன்று நிறம்

ஏரியைச் சுற்றி மூன்று காரியம் ஆகவேண்டும் என்று ஜப்பான் இஞ்சினியர் உத்தரவு போட்டார். லாரி போகச் சடக்கு, அதாவது ரோடு. பட்டணம் பெருத்துக்கொண்டே போனதால் அதன் பசிக்கு மரவள்ளித் தோட்டம். மூன்றாவது, கரையோர நாணல்காட்டை யாரும் தொடக்கூடாது. குடிதண்ணீரும் மீன்குஞ்சும் கொக்கும் அதை நம்பித்தான் இருக்கின்றன என்றார். சடக்குக்குச் சிவப்பு முளை, மரவள்ளிக்குக் கறுப்பு, நாணல்காட்டுக்கு வெள்ளை. வெள்ளைக்குள் மனிதர் குடியிருக்கக் கூடாது.

சடக்குக்கோடு தோட்டக் கூலிகள் குடியிருந்த ஒன்பது வீட்டு லயத்தின் நடுவில் போனது. வீடு போனால் ஆம்பிளைகளுக்கு வேறு இடமில்லை. இடமில்லாதவன் பெயர் ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதை வேலைப் பட்டியலில் ஏறும். எங்கள் பக்கத்திலிருந்து போன ஒருவரும் அதுவரை திரும்பவில்லை. கணக்கெழுதும் கிராணி பொன்னையா பென்சில் சீவிக்கொண்டே சொன்னார்: "கோடு அவர் போட்டது, முளை நீ அடிக்கிறது. லயத்துல உன்னைத்தான் திட்டுவாங்க தம்பி."

அடுப்போரம்

ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிற அஞ்சலையக்காவின் அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி முதல் சிவப்பு முளை இறங்கியது. அவர் புருஷன் முனியன் வாசலில் நின்று பார்த்தார். நிறங்களின் அர்த்தத்தை விளக்கினேன். எனக்குக் குரல் கொஞ்சம் தாழ்வு. பயத்தில் இன்னும் தாழ்ந்துவிட்டது. பாதிதான் கேட்டிருக்கும். அஞ்சலையக்கா சொன்னார்: "சத்தமாச் சொல்லேன் தம்பி, பொண்ணு பாக்கவா வந்திருக்கே?"

சுண்ணாம்பு

மறுவாரம் போனபோது லயத்தைச் சுற்றியிருந்த சிவப்பு முளை அத்தனையும் வெள்ளையாக நின்றன. அவர்கள் தோட்டத்தில் வெட்டிச் சாய்க்க வேண்டிய மரத்துக்குச் சிவப்பு வளையம் போடுவார்கள், விட்டுவைக்கும் மரத்துக்குச் சுண்ணாம்பு. அஞ்சலையக்கா அந்தக் கணக்கில் பூசியிருந்தார். வெள்ளைக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது என்று இந்த முறை உரக்கவே சொன்னேன். சுரண்டலாம் என்று குனிவதற்குள் இஞ்சினியரின் கார்ச் சத்தம் கேட்டுவிட்டது. அக்கா விட்டுக்கொடுக்கவில்லை: "சுண்ணாம்பு அடிச்ச கட்டைய எந்தத் துரையும் இதுவரைக்கும் தொட்டதில்லலா."

கொக்குக்குக் காவல்

இஞ்சினியர் வெள்ளை முளைகளைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார். நாணல்காட்டு எல்லை இவ்வளவு தூரம் வருவது அவருக்கு ஞாபகமில்லை. ஆனால் வெள்ளைக்குள் சடக்கு போகக்கூடாது என்பது அவர் வாயால் வந்த உத்தரவு. பென்சிலை எடுத்துக் கோட்டை வளைத்தார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடி, வெள்ளைக்குள் இந்த ஆட்கள் ஏன் என்று மலாயில் கேட்டார்.

கிராணி என்னைப் பார்த்தார். "ஜாகா," என்றேன். நாணலையும் கொக்கையும் காக்கிற காவல்காரர்கள் என்று அரைகுறை மலாயில் சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. இஞ்சினியர் ஏரியைப் பார்த்துத் தலையசைத்தார். ஒன்பது வீட்டு ஆம்பிளைகள் பெயரையும் காவல்காரர்கள் என்று எழுதச் சொன்னார். அவர்களைச் சயாமுக்கு எடுக்கக் கூடாது. ஒரே ஒரு நிபந்தனை. வாராவாரம் கொக்கை எண்ணி அவரிடம் நான் சொல்லவேண்டும். எண்ணிக்கை குறைந்தால் காவல் சரியில்லை, பெயர்கள் பழையபடி பட்டியலுக்குப் போகும்.

கார் போன பிறகு விஷயத்தைச் சொன்னேன். முனியன் அடுப்பிலிருந்த சட்டியை மெதுவாக மூடினார். அரிசி கிடைக்காத காலம். உள்ளே என்ன வேகிறது என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "நேத்தே சொல்லியிருந்தா ரெண்டு கொக்கு உசுரோட இருந்திருக்கும் தம்பி."

அந்த ஏரியில் சடக்கும் வளைந்தது, கொக்கும் பெருகியது. ஒரு கொக்கு அக்கரைக்குப் பறந்தாலும் ஒன்பது வீடும் நானும் கழுத்தை நீட்டி, அது திரும்பி வருகிற வரைக்கும் செத்துச் செத்துப் பிழைத்தோம்.