அத்தான் முடுக்கிய வால்வு

என் அக்கா வீட்டுக்காரர் குழாய் வேலை பார்ப்பவர். ஊரில் எல்லோரும் அவரைக் 'குறடு' என்பார்கள், எனக்கு அத்தான். அவர் ஒரு குழாயை மூடினால் மூடியதுதான், சொட்டுத் தண்ணீர் கசியாது. கூடவே வீட்டுப் பெண்களால் அதைத் திறக்கவும் முடியாது.

"அத்தான், குழாயை மூடச் சொன்னா சீல் வச்சுட்டுப் போறீங்களே!" என்று கத்துவேன்.

"நல்லா சாப்பிடு, திறக்கும்" என்பார். அந்த மனிதரிடம் வாயைக் கொடுத்து நான் ஜெயித்ததே கிடையாது.

என் சமையலறைச் சுவரில் இருக்கிற வால்வும் அவர் கைவேலைதான். நாங்கள் குடிவந்த புதிதில் அதை முழுக்கத் திறந்துவிட்டு, அதற்கு மேலும் ஒரு முடுக்கு முடுக்கினார். "பிள்ளைங்க விளையாட்டுக்குக் கைவச்சாலும் அசையக் கூடாது" என்றார். நானும் தலையாட்டினேன்.

போன வருஷம் ஒருநாள் காலையில் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. விரல்கள் மடங்கவே இல்லை. பச்சைத் தண்ணீரில் கைவைத்ததால் என்றார். தலையணைமேல் பழியைப் போட்டார். கடைசியில் ஸ்பேனரையும் விடவில்லை. நாளாக ஆக, இரண்டு கையிலும் ஒரே மாதிரி முட்டிகள் வீங்கின. வேடிக்கை என்னவென்றால், மதியம் ஆனால் கை இளகிவிடும், பழைய குறடு திரும்பி வந்துவிடுவார். அதனாலேயே ஒருத்தரும் நம்பவில்லை. அவருக்கு வேலை கொடுக்கிற மேஸ்திரி, "காலையில கை வலி, மத்தியானம் சீட்டாட்டமா?" என்று நாலு பேர் எதிரில் கேட்டாராம். அந்த ஆளை நான் மட்டும் பார்த்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். சாயங்காலம் அத்தான் காய்ச்சல்காரர் போலச் சுருண்டு படுப்பதை அவர் எங்கே கண்டார்?

டாக்டரிடம் அக்காவும் நானும்தான் இழுத்துக்கொண்டு போனோம்.

"மூட்டுத் தேய்மானமா டாக்டர்?" என்றார் அத்தான்.

"இல்லைங்க, இது முடக்குவாதம். கிருமியை அடிக்க வேண்டிய உங்க உடம்போட படை, உங்க மூட்டுக்குள்ள இருக்கிற சவ்வையே எதிரின்னு நினைச்சு அடிக்குது. ராத்திரி அசையாம கிடக்கிறதால காலையில கை இறுகிப்போகுது. களைப்பு, காய்ச்சல் எல்லாம் அதோட சேர்ந்ததுதான். விட்டா சில பேருக்குக் கண்ணு, நுரையீரல் வரைக்கும் போகும்."

"வாஷர் மாத்துற மாதிரி எதையாவது மாத்திவிட முடியாதா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "மாத்த முடியாது, அழுத்தத்தைக் குறைக்கலாம். மாத்திரை வேலை செய்ய மாசக்கணக்கா ஆகும். அதுக்குள்ள நிறுத்திடாதீங்க. அரிச்சுப்போன எலும்பு திரும்பி வராது."

அத்தான் சிரிக்கவில்லை. தன் உடம்பே தன்னை அடிக்கிறது என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று வழியில் என்னைக் கேட்டார்.

மாத்திரை ஆரம்பித்தார். அக்கா, ஸ்பேனரை விட்டுவிட்டுக் குழாய்ச் சாமான் கடையில் உட்காரச் சொல்லிக் கெஞ்சினாள். "என்னிக்கு ஒரு குழாய் என் கைக்கு மசியலையோ, அன்னிக்கு விட்டுடறேன்" என்றார். சொல்லிவிட்டு, மதியத்துக்கு மேல்தான் வேலைக்கே கிளம்புவார். கள்ளத்தனம்தான். ஆனால் அந்த வேலையை விட்டால் அவரிடம் வேறென்ன இருக்கிறது?

இந்த மாதம், சரியாக விடிந்தும் விடியாமலும், என் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் பிய்த்துக்கொண்டது. தண்ணீர் கூடம் வரைக்கும் பாய்ந்தது. என் வீட்டுக்காரர் இரவு வேலையிலிருந்து திரும்பவில்லை. மாடித் தொட்டிப் பக்கம் போகலாமென்றால் மாடிக் கதவின் சாவி வேறு ஊரில் இருக்கிற வீட்டு உரிமையாளரிடம். வால்வைத் திருப்பிப் பார்த்தேன், அசைவேனா என்றது. அத்தானுக்குப் போன் போட்டேன். வேறு யாரைக் கூப்பிடத் தோன்றும் எனக்கு?

அக்கா அவருடைய ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவர் பின்னால் வந்து தண்ணீரில் மண்டியிட்டார். ஸ்பேனரைப் பிடித்தார். விரல்கள் அதைச் சுற்றி மூடவில்லை. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து அழுத்தினார். ஸ்பேனர் நழுவித் தண்ணீருக்குள் விழுந்தது. எடுத்தார், மறுபடி விழுந்தது. நானும் அக்காவும் சேர்ந்து ஸ்பேனரில் தொங்கினோம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து மூச்சுமுட்ட முக்கினார்.

"யாருங்க இதை இப்படி முடுக்கினது? ராட்சசனா?" என்றார்.

அத்தான் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே தொட்டி காலியாகிற வரைக்கும் நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். பாயெல்லாம் ஊறிப்போயிற்று, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைகள் மிதந்தன. அதெல்லாம் எனக்குப் பெரிதாகவே தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

தண்ணீரை வாரிக் கொட்டி முடித்தபோது வெயில் ஏறியிருந்தது. ஓரமாக உட்கார்ந்திருந்த அத்தான் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். எழுந்துபோய் ஸ்பேனரால் வால்வை லேசாக ஒரு தட்டுத் தட்டி, ஒரே திருப்பில் மூடினார். அடைக்க ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதில் இல்லை. பிறகு குழாயைப் பொருத்தினார், வால்வைத் திறந்தார், அந்தக் கடைசி முடுக்கை மட்டும் கொடுக்கவில்லை.

"நீ திருப்பிப் பாரு."

இரண்டு விரலால் திருப்பினேன். வழுக்கிக்கொண்டு திரும்பியது.

"இனிமே உனக்கு நான் வேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டு, ஸ்பேனரை என் அலமாரியில் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

"நல்லா சாப்பிடறேன் அத்தான், வந்து இறுக்கிட்டுப் போங்க" என்று கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் அவர் தெருவில் இறங்கிவிட்டார்.